அனுமதி ரத்து

தென்காசி
4.5.2025

அன்புள்ள பாரூக் காக்காவுக்கு, தங்கை சனோபர் ஸலாம் சொல்லி எழுதுவது.

நானும் உம்மாவும் அல்லாஹ் கிருபையால் நன்றாக இருக்கிறோம். உம்மாவுக்கு முழங்கால் வலிதான் கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது. ஷார்ஜாவில் வெயில் தொடங்கியிருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் இருக்கும்போது இவள் எதற்கு மெயிலில் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே கத்துகிறோம். நீங்கள் கட் பண்ணிவிடுகிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உம்மா, "ஏட்டி, அவன்கிட்ட என்னத்துக்குச் சண்டை போடுதே" என்று என்னைத்தான் ஏசுகிறாள். எழுதினால் சொல்ல வந்ததை நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது.

சாப்ட்வேர் வேண்டும் என்று கேட்டது நான்தான். தென்காசி, குற்றாலம், கடையம், வீரகேரளம்புதூர் என்று நாலு லைனில் பார்சல் போகிறது. எது யார் வண்டியில் இருக்கிறது என்று தெரியாமல் நாளெல்லாம் போனும் கையுமாக நிற்கிறேன், நீங்கள் கோடவுன் சூப்பர்வைசர், ஏதாவது பாருங்கள் என்றேன். நல்லதாகத்தான் பார்த்துக் கொடுத்தீர்கள்.

ஆனால் அட்மின் என்று உங்கள் பெயரைப் போட்டுக்கொண்டு எனக்கு 'ஆபீஸ் யூசர்' என்று ஒரு லாகின் கொடுத்திருக்கிறீர்களே, அது என்ன நியாயம்? நேற்று வீரபாகு வண்டி பஞ்சர். அவன் பார்சல்களை இசக்கிதுரை அண்ணாச்சிக்கு மாற்றப் பார்த்தேன். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. கல்யாணம் முறிந்து வீட்டுக்கு வந்து, ஊர் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு, வீட்டு முன்னறையைக் காலிபண்ணி நான் ஆரம்பித்த தொழில் இது. எனக்கே அனுமதி இல்லையாம்.

அட்மினை என் பெயருக்கு மாற்றிவிடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

துஆவுடன்,
சனோபர்


ஷார்ஜா
5.5.2025

அன்புத் தங்கை சனோபருக்கு, வ அலைக்கும் ஸலாம்.

நான் நலம். உம்மாவுக்கு முழங்காலில் சூடாக ஒத்தடம் கொடு. மாத்திரையை நிறுத்தாதே.

உன் கடிதத்தை ரெண்டு தடவை படித்தேன். நீ கோபப்படுவதில் அர்த்தமே இல்லை. போன மாதம் வரை பத்துப் பார்சல் போனால் மூன்று திரும்பி வந்தது. ஏன் என்று உன்னிடம் பதில் இருந்ததா? இப்போது எந்த வீட்டுக்கு முதலில் போவது, எந்த வழியில் போவது என்று சாப்ட்வேரே வரிசை போட்டுக் கொடுக்கிறது. வண்டி கிளம்பும்போதே வாங்குகிறவருக்கு மெசேஜ் போகிறது. அவர் ஓடிபி சொன்னால்தான் பார்சல் கை மாறும். யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

உன் வீரபாகு என்ன செய்தான் தெரியுமா? வீரகேரளம்புதூர் ரோட்டில் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே நாலு பார்சலுக்கு 'வீடு பூட்டியிருக்கிறது' என்று போட்டிருக்கிறான். மேப்பில் அவன் புள்ளி டீக்கடையை விட்டு அசையவில்லை. இத்தனை நாள் இதைத்தான் நீ நிர்வாகம் என்று சொல்லிக்கொண்டிருந்தாய்.

அட்மின் கொஞ்ச நாள் என்னிடமே இருக்கட்டும். ஒழுங்குக்கு வந்ததும் தருகிறேன். உனக்கு இளகின மனசு. ஆட்கள் முகத்தைப் பார்த்து விட்டுக்கொடுத்துவிடுவாய். எனக்கு அந்தத் தொந்தரவு இல்லை, இங்கிருந்து எண்களை மட்டும்தான் பார்க்கிறேன்.

இனி ஆபீஸ் விஷயமாக மதியம் போன் பண்ணாதே. அப்போது வேலையில் இருப்பேன்.

உம்மாவுக்கு என் ஸலாம்.

பாரூக்


தென்காசி
14.6.2025

அன்புள்ள காக்காவுக்கு ஸலாம்.

நாங்கள் நலம். பெருநாள் நல்லபடியாகப் போனது. நீங்கள் வீடியோவில் வருவீர்கள் என்று உம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு அஸர் தொழுகை வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். நெட் சரியில்லை என்று ஒரு வரி அனுப்பினீர்கள். போகட்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீரபாகு விஷயம் உண்மை. கேட்டதும் ஒத்துக்கொண்டான், இப்போது ஒழுங்காகப் போகிறான். பார்சல் திரும்புவது நன்றாகவே குறைந்திருக்கிறது. வீரகேரளம்புதூரில் துணி தைக்கும் முத்துவடிவு அக்கா, "வாரதுக்கு முன்னாலயே போன்ல சொல்லிருதாவளே, சோலியப் போட்டுட்டுக் காத்துக் கெடக்க வேண்டாம்லா" என்று சந்தோஷப்பட்டாள். சாப்ட்வேரை நான் குறை சொல்லவில்லை.

புதன்கிழமை ஜெயபிரியாவுக்கு நீங்கள் போன் பண்ணினீர்கள். கடையம் லைன் ஓட்டுகிற பெண், முன்பே சொல்லியிருக்கிறேன். "ஒரே இடத்தில் இவ்வளவு நேரம் ஏன் நின்றாய்" என்று கேட்டீர்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. "கேள்வி கேட்டால் பதில் சொல்லணும், சம்பளம் சும்மா வராது" என்றீர்கள். அப்போதும் சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவாள் காக்கா? அந்த ரோட்டில் ஆம்பிளைகள் எங்கே வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தி ஒதுங்கலாம். அவள் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டைத் தேடிப் போய், கதவைத் தட்டி, அவர்கள் கொடுத்த காப்பியை மறுக்க முடியாமல் குடித்துவிட்டு வரவேண்டியிருக்கிறது. மாதத்தில் சில நாள் ரெண்டு தடவை. முகம் தெரியாத ஒரு ஆளிடம் போனில் இதைச் சொல்ல வேண்டுமா?

மறுநாள் காலையில் பார்சல் பையையும் ஐடி கார்டையும் மேஜையில் வைத்தாள். "நான் ஒண்ணும் களவாணி இல்லக்கா. பீடி சுத்தப் போனாலும் இப்படி ஒருத்தன் கேக்க மாட்டான்" என்றாள். எவ்வளவோ கெஞ்சினேன். போய்விட்டாள். இப்போது வேறொரு கம்பெனியில் ஓட்டுகிறாள். என்னிடம் இருந்தவர்களில் நல்ல ஆள் அவள்தான்.

என் ஆட்களை இனி நேரடியாகக் கூப்பிடாதீர்கள். கேட்பதை என்னிடம் கேளுங்கள்.

இன்னொன்று. இங்கே சாரல் தொடங்கிவிட்டது. சீசன் முடியும்வரை குற்றாலம் ரோடு அந்த மேப்பில் இருக்கிற ரோடு இல்லை. ஐந்தருவிப் பக்கம் போலீஸ் நினைத்த நேரத்தில் தடுப்புக் கட்டையை இழுத்து வைப்பார்கள். குற்றாலம் லைனுக்கு நேரத்தைக் கூட்டிப் போடுங்கள். நேரம் தாண்டிவிட்டது என்று இசக்கிதுரை அண்ணாச்சி பெயரில் தினமும் சிவப்பு விழுகிறது.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சனோபர்


ஷார்ஜா
19.6.2025

சனோபருக்கு ஸலாம்.

நலம். நலமறிய ஆவல்.

நான் ஆண், பெண் என்று பார்த்துக் கேட்கவில்லை. சிவப்பு வந்தது, கேட்டேன். போகிறவள் போகட்டும், வேறு ஆள் போடு.

குற்றாலத்துக்கு நேரம் கூட்ட முடியாது. ஒரு லைனுக்கு விட்டுக்கொடுத்தால் எல்லா லைனும் கேட்கும். யாரையும் நேரடியாகக் கூப்பிடக் கூடாது என்கிறாய். சரி, கூப்பிடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு விதி போட்டிருக்கிறேன். ஒரே நாளில் மூன்று சிவப்பு விழுந்தால் அந்த ஆளின் லாகின் தானாகவே பூட்டிக்கொள்ளும். மறுநாள்தான் திறக்கும். அவர் கையில் இருக்கிற பார்சல்காரர்களுக்கும் தானாக மெசேஜ் போய்விடும். இனி உனக்கும் எனக்கும் சண்டை வேண்டாம்.

உம்மாவைக் கேட்டதாகச் சொல்.

பாரூக்


தென்காசி
14.7.2025

பாரூக் காக்காவுக்கு ஸலாம்.

உம்மா நலம். நான் நலமில்லை. ஆத்திரத்தில் எழுதுகிறேன்.

முந்தாநாள் சனிக்கிழமை. குற்றாலத்தில் காலை வைக்க இடமில்லை. ஐந்தருவி ரோட்டை அடைத்துவிட்டார்கள். இசக்கிதுரை அண்ணாச்சி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, பார்சல் பையைத் தலையில் வைத்துக்கொண்டு சாரலில் நடந்தே கொடுத்துக்கொண்டிருந்தார். வண்டி அசையவில்லை என்று ஒரு சிவப்பு. சொன்ன வழியில் போகவில்லை என்று ஒரு சிவப்பு. ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் முன்னால் நிற்கும்போது நேரம் தாண்டிவிட்டது என்று மூன்றாவது.

சீசனுக்கு வந்து தங்கியிருந்த ஒருவர் விலைகூடின செல்போன் ஆர்டர் பண்ணியிருந்தார். அண்ணாச்சி பார்சலை நீட்டுகிறார், அவர் ஓடிபி பார்க்கப் போனை எடுக்கிறார். அதில் நீங்கள் எழுதி வைத்த மெசேஜ் வந்து நிற்கிறது. 'உங்கள் பார்சலை வைத்திருக்கும் நபரின் அனுமதி ரத்து செய்யப்பட்டுள்ளது. அவரிடம் ஓடிபி சொல்ல வேண்டாம். பார்சல் காணாமல் போகாமல் கவனமாக இருக்கவும்.'

அதைப் படித்தவர் என்ன நினைப்பார்? "திருட்டுப்பய" என்று கத்தியிருக்கிறார். வாட்ச்மேன்கள் ரெண்டு பேர் ஓடிவந்து பையைப் பிடுங்கினார்கள். போனையும் பிடுங்கினார்கள். அண்ணாச்சி, "ஏல, ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேளுங்கலே" என்று சொல்லச் சொல்ல அதில் ஒருவன் காதோடு சேர்த்து அறைந்தான். துண்டைக் கட்டிக்கொண்டு குளிக்கப் போனவர்கள் நின்று வீடியோ எடுத்தார்கள்.

அங்கே குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்கிற மாடன் என்பவருக்கு அண்ணாச்சியைத் தெரியும். அவர்தான் எனக்குப் போன் பண்ணினார். ஆட்டோ பிடித்துப் போனேன். சட்டை கிழிந்து, நனைந்து, லாட்ஜ் படியில் உட்கார்ந்திருந்தார். இடது காதிலிருந்து ரத்தம். அதற்குள் போலீஸும் வந்துவிட்டது. ஏட்டு நல்ல மனுஷர். என் போனில் எல்லாவற்றையும் காட்டினதும், "இது கம்ப்யூட்டர் பண்ணின கோளாறும்மா, கூட்டிட்டுப் போங்க" என்று விட்டுவிட்டார். லாட்ஜ்காரர்கள் ஒருவரும் தப்பு என்று சொல்லவில்லை.

ஆட்டோவில் வரும்போது அண்ணாச்சி, "தங்கச்சி, நான் களவாணி இல்லன்னு அவங்ககிட்ட யாராவது சொல்லணும்லா" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். டாக்டர் காதுச் சவ்வு கிழிந்திருக்கிறது என்கிறார். சவ்வு ஆறிவிடுமாம். பழையபடி கேட்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

கம்ப்யூட்டர் பண்ணின கோளாறு இல்லை. நீ பண்ணினது. நேரம் கூட்டிப் போடு என்று நான் எழுதினேன். முடியாது என்று நீ எழுதினாய். அந்த வரிகளை உன் கையால்தான் தட்டினாய். ஒரு மனுஷன் வயித்துப்பாட்டுக்குச் சுமந்துகொண்டு போகிறான், அவன் கையில் பார்சல் இருக்கும்போதே அவனைத் திருடன் ஆக்கிவிட்டாய். நீங்கள் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

அந்த விதியை இன்றைக்கே எடு. அட்மினைக் கொடு. பதில் எழுது.

சனோபர்


தென்காசி
2.8.2025

பாரூக் காக்காவுக்கு ஸலாம். உம்மா நலம்.

பதில் வரவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. உம்மா கூப்பிட்டால் மட்டும், 'பிறகு பேசுகிறேன்' என்று மெசேஜ்.

ஆனால் பூட்டும் விதி மறுநாளே காணாமல் போயிருந்தது. அப்படியென்றால் கடிதத்தைப் படித்திருக்கிறாய். சாப்ட்வேரில் உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எப்போதும் எரிகிறது. காலையில் எரிகிறது, மதியம் எரிகிறது. வேலையில் இருப்பேன், கூப்பிடாதே என்றாயே, அந்த நேரத்திலும் எரிகிறது. எங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க நேரம் இருக்கிறது, நாலு வரி எழுத நேரமில்லையா?

அண்ணாச்சி வேலைக்கு வந்துவிட்டார். குற்றாலம் லைனுக்குப் போகமாட்டேன் என்கிறார். கூப்பிட்டால் முழுசாகத் திரும்பி வலது காதைக் காட்டுகிறார். நீ அதையும் மேப்பில் பார்.

சனோபர்


ஷார்ஜா
6.8.2025

சனோபருக்கு ஸலாம்.

நான் நலம். வேலை கொஞ்சம் அதிகம். அதனால்தான் எழுதவில்லை.

நடந்தது வருத்தமான விஷயம். அடித்தது லாட்ஜ்காரர்கள். அவர்கள் மேல் நீ புகார் கொடுத்திருக்க வேண்டும். பார்சல் காணாமல் போகக் கூடாது என்றுதான் நான் அப்படி எழுதினேன். அந்த விதியையும் வாசகத்தையும் எடுத்துவிட்டேன்.

நம்ம ஊர் ஹுஸைஃபா லீவில் வருகிறான். அவன் கையில் உம்மாவுக்குக் கொஞ்சம் பேரீச்சம்பழமும் தைலமும் கொடுத்திருக்கிறேன். அவனிடம் ரொம்பப் பேச்சு வைத்துக்கொள்ளாதே, வெட்டியாக எதையாவது சொல்லுவான்.

உம்மா இரவில் தூங்குகிறாளா?

பாரூக்


தென்காசி
24.8.2025

பாரூக் காக்காவுக்கு ஸலாம்.

ஹுஸைஃபா வந்தான். பேரீச்சம்பழம் கொடுத்தான். நல்லவேளை உம்மா தொழுதுகொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே, "காக்காவுக்கு இன்னும் வேலை ஒண்ணும் அமையலையாக்கா? மார்ச்சுல இருந்து பாவம் அலையுதாரு" என்றான். எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொல்லிவிட்டான். நானும் தெரிந்த மாதிரியே தலையை ஆட்டினேன். ரோலா ஏரியாவில் ஒரு ரூமில் அடுக்குக் கட்டிலில், மேல்கட்டிலில் இருக்கிறீர்களாம். நாளெல்லாம் லேப்டாப்பும் கையுமாக இருப்பீர்களாம்.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மார்ச்சிலிருந்து வேலை இல்லாமல், மே மாதம் எனக்கு நிர்வாகம் என்றால் என்ன என்று பாடம் எடுத்தீர்கள். 'சம்பளம் சும்மா வராது' என்று ஜெயபிரியாவிடம் சொன்னபோதும் உங்களுக்கு வேலை இல்லை. போன வேலைக்குப் பதிலாக என் முன்னறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டீர்கள். அந்தக் கம்பெனியில் யாரையும் ஒன்றும் கேட்க முடியவில்லை, இங்கே கேட்டீர்கள்.

சொல்லியிருந்தால் நான் என்ன சிரித்திருப்பேனா? கல்யாணம் முறிந்து நான் வீட்டுக்கு வந்து நின்றபோது நீங்கள் சிரிக்கவில்லையே.

இனிமேல் ஒரு பொய்யும் எழுதாதீர்கள். உண்மை இருந்தால் எழுதுங்கள். உம்மாவிடம் நான் சொல்லவில்லை.

சனோபர்


ஷார்ஜா
3.9.2025

சனோபருக்கு ஸலாம்.

எழுதிவிடுகிறேன். நீ நினைப்பதை விட மோசம்.

கம்பெனியை வேறொருவர் வாங்கினார். பழைய சூப்பர்வைசர்கள் எல்லோரையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். என் இளமை முழுக்க அந்தக் கோடவுனில் போயிருக்கிறது. போகும்போது ஒருத்தன் என் பெயரைச் சொல்லி ஸலாம் சொல்லவில்லை. எனக்கும் கோபம் இருக்கிறது சனோபர், உனக்கு மட்டும் இல்லை.

வேலை கேட்டுப் போன இடமெல்லாம், டெலிவரி சாப்ட்வேர் நடத்தியிருக்கிறாயா என்று கேட்டார்கள். அப்போதுதான் நீ எனக்குப் போன் பண்ணி சாப்ட்வேர் வேண்டும் என்றாய். நான் உனக்காகப் பார்க்கவில்லை. எனக்காகப் பார்த்தேன். ஒவ்வொரு இண்டர்வியூவிலும் லேப்டாப்பைத் திறந்து, 'இந்தியாவில் நான் நடத்துகிற நிறுவனம்' என்று உன் கடையைக் காட்டினேன். அட்மின் பெயர் என்னுடையதாக இருந்தால்தானே நம்புவார்கள். பார்க்கிறவர் கண்ணுக்குத் திரை முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும். ஜெயபிரியா, இசக்கிதுரை எல்லாம் எனக்கு அதில் ஒரு வரி. சிவப்பாக இருந்தால் எரிச்சல் வரும். அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை காலையிலும் ஒரு இண்டர்வியூ. ஒரு மேனேஜர் என் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குற்றாலம் லைன் சிவப்பாக இருந்தது. 'இதற்கு என்ன செய்வாய்' என்றார். 'சிஸ்டம் தானாகவே நடவடிக்கை எடுக்கும் சார், பாருங்கள்' என்றேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது சிவப்பு விழுந்தது. அந்தப் பெயர் சாம்பல் நிறமாக மாறியது. அவர் 'குட்' என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ரெண்டு நாள் கழித்து உன் கடிதம் வந்தது. இசக்கிதுரை லாகின் பூட்டின நேரத்தைச் சாப்ட்வேரில் பார்த்தேன். அதே நேரம். அவர் 'குட்' என்று சொன்னபோது அங்கே அந்த மனுஷனை அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பச்சைப் புள்ளி எரிந்தது உண்மை. அந்த ஆள் வேலைக்கு வருகிறாரா என்றுதான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வேலையும் கிடைக்கவில்லை.

பாரூக்


தென்காசி
8.9.2025

பாரூக் காக்காவுக்கு ஸலாம்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். 'எனக்குச் சந்தோஷமாக இருந்தது' என்கிற இடத்தைத் தாண்ட முடியவில்லை. உண்மையைக் கேட்டது நான்தான், அதனால் அதற்காக ஏசமாட்டேன். மற்றதற்கெல்லாம் ஏசுவேன், ரொம்ப நாள் ஏசுவேன்.

சாப்ட்வேர் கம்பெனிக்கு நானே போன் பண்ணினேன். கடை என் பெயரில், ஜிஎஸ்டி என் பெயரில். காகிதத்தை அனுப்பினதும் அட்மினை எனக்கு மாற்றிவிட்டார்கள். மே மாதமே செய்திருக்கலாம். காக்கா தருவார் என்று காத்திருந்தது என் முட்டாள்தனம். உங்கள் லாகினை எடுத்துவிட்டேன்.

சாப்ட்வேரை எடுக்கவில்லை, அது நல்லாத்தான் வேலை செய்கிறது. நாலு லைன் ஓட்டுகிறவர்களையும் உட்காரவைத்து ஒவ்வொரு லைனுக்கும் நேரத்தைப் புதிதாகப் போட்டோம். சீசனுக்குத் தனி, மழைக்குத் தனி. 'ஓய்வு' என்று ஒரு பட்டன் வைக்கச் சொன்னேன். அமுக்கினால் புள்ளி மறைந்துவிடும், காரணம் யாரும் கேட்கக் கூடாது. யாரையும் நிறுத்துவதாக இருந்தால் நான் பேசிவிட்டு, என் கையால் நிறுத்துவேன்.

இசக்கிதுரை அண்ணாச்சியிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். மறைக்கவில்லை. நான் லாட்ஜுக்கு வந்து பேசுகிறேன் அண்ணாச்சி என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க வந்து என்ன சொல்லுவிய? மொதலாளியம்மா ஆளுக்குப் பரிஞ்சு பேசுதான்னு நெனைப்பான். அத எழுதுனவுக வரட்டும். எந்த எடத்துல வச்சு என்னைய அடிச்சானோ அங்கன நின்னு சொல்லட்டும்" என்றார். பணம் கொடுத்தால் வாங்கமாட்டேன் என்றும் சொன்னார். நான் அவரோடு வாதாடவில்லை. அவர் கேட்பது நியாயம்.

வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். போனில் மன்னிப்புக் கேட்கிற வேலை மட்டும் வேண்டாம்.

உடம்பு எப்படி இருக்கிறது? மேல்கட்டிலில் ஏறி இறங்க முதுகு வலிக்காதா?

சனோபர்


குற்றாலம்
12.10.2025

அன்புத் தங்கை சனோபருக்கு, ஸலாம்.

ஊர்ப்பெயரைப் பார். நேற்று வந்தேன். உனக்கும் உம்மாவுக்கும் சொல்லவில்லை. அந்த லாட்ஜில்தான் ரூம் எடுத்தேன். சீசன் முடிந்து காலியாகக் கிடக்கிறது.

இசக்கிதுரைக்கு நானே போன் பண்ணினேன். "பாரூக் பேசுகிறேன், அந்த மெசேஜ் எழுதினது நான்தான், லாட்ஜில் இருக்கிறேன்" என்றேன். "நாளைக்குக் காலையில வாரேன்" என்று வைத்துவிட்டார்.

இன்றைக்குக் காலையில் வந்தார். என் கையைப் பிடிக்கவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டேன். சமையல்கட்டில் இருந்தவர்கள், ரூம்பாய்கள், ஒரு வாட்ச்மேன் எல்லோரையும் வரச்சொன்னேன். எண்ணெய் தேய்க்கிற மாடனும் கேள்விப்பட்டு வந்து நின்றார். அறைந்தவன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

"என் பெயர் பாரூக். தென்காசிக்காரன். சீசனில் ஒரு சனிக்கிழமை இவர் திருடன் என்கிற மாதிரி ஒரு மெசேஜ் வந்ததில்லையா, அதை எழுதினவன் நான். இவர் ஒரு தப்பும் செய்யவில்லை. மழையில் நடந்து வந்து பார்சல் கொடுத்தார். ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு நான் இவர் அனுமதியை ரத்து செய்தேன். நீங்கள் ஆளை மாற்றி அடித்துவிட்டீர்கள்" என்றேன்.

மேனேஜர் சிரித்தார். "எப்பவோ நடந்தது சார். விடுங்க, காப்பி சாப்பிடுங்க" என்றார்.

அப்போதுதான் இசக்கிதுரை வாயைத் திறந்தார். "ஒமக்கு எப்பவோ நடந்தது வேய். எனக்கு இன்னும் இந்தக் காதுல இரைஞ்சிக்கிட்டே இருக்கு. அவுக சொல்லிட்டாவ. நீரு சொல்லும்" என்றார். மேனேஜர், அடித்தவன்தான் போய்விட்டானே, நான் என்ன சொல்ல என்று இழுத்தார். "பையப் பிடுங்குன்னு சொன்னது யாரு? நீருதான கல்லாவுல இருந்து சொன்னீரு" என்று இசக்கிதுரை ஒரே கத்து கத்தினார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் நகராமல் நின்றேன். மாடனும் நகரவில்லை. கடைசியில், "தப்புதான் அண்ணாச்சி" என்றார். வாய்க்குள் சொன்னார். "கேக்கலை. இந்தப் பக்கமா வந்து சொல்லும்" என்று வலது காதைக் காட்டினார். மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்து, சுற்றி வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

வெளியே வந்ததும் நான் மன்னிப்புக் கேட்டேன். "ஒங்க மேல உள்ள கோவம் எனக்கு அப்படியேதான் இருக்கு. ஆனா வந்திய" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் இன்னும் ரூமில்தான் இருக்கிறேன். வீடு ஆட்டோவில் போகிற தூரம்தான். கிளம்பிக் கிளம்பி உட்கார்ந்துவிடுகிறேன். உம்மா முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

பாரூக்


தென்காசி
12.10.2025

பாரூக் காக்காவுக்கு ஸலாம்.

அண்ணாச்சி ஆபீஸுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் சுற்றி வந்ததைச் செய்து காட்டினார். சிரிக்கவில்லை. நாளையிலிருந்து குற்றாலம் லைனை நானே எடுத்துக்கொள்ளுகிறேன் என்றார்.

எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். தீரவில்லை. வீட்டுக்கு வந்தால் உங்களோடு சண்டை போடத்தான் போகிறேன். அதற்காக லாட்ஜில் ஒளிந்துகொண்டு கிடப்பீர்களா?

உம்மாவிடம் வேலை போனதை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீங்கள் இன்றைக்கே சொல்லுகிறீர்கள்.

பின்வாசல் வழியாக வராதீர்கள். சாயங்காலம் எல்லோரும் கணக்கு முடிக்க முன்னறையில் இருப்பார்கள். அந்த வழியாகவே வாங்க. நீங்கள் யார் என்று நான் சொல்லமாட்டேன், நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். உம்மாவிடம் இன்றைக்கு ஒரு ஆள் கூடுதல் என்று சொல்லி உலையில் அரிசி போடச் சொல்லியிருக்கிறேன். யார் என்று கேட்டாள். வரட்டும், பாருங்கள் என்றேன்.

சனோபர்